உங்கள் தொழிலறிவையும் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்: கிறிஸ்தவ சிறுகடன் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான அறங்காவலர்களுக்கு,

ஸ்தோத்திரம்.

உங்களில் ஒருவர் வங்கியில் கடன் பிரிவைப் பார்க்கிறவர், ஒருவர் ஆடிட்டர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் மருத்துவர், இன்னொருவர் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர். எல்லோரும் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளையின் பெயரில் கையெழுத்துப் போடுகிறீர்கள். சம்பளம் கிடையாது. வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கணக்கு பார்க்கிறீர்கள், பல சமயம் பயணச் செலவும் உங்கள் கைக்காசுதான். இதை யாரும் உங்களுக்கு நன்றியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். நீங்கள் இல்லாவிட்டால் இந்த அறக்கட்டளைகள் சட்டப்படி ஒரு நாள் கூட நடக்க முடியாது.

நன்றி சொன்ன கையோடு ஒரு விஷயத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை தொழில் தெரிந்தவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தும், பெரும்பாலான கூட்டங்களில் அந்தத் தொழிலறிவு வாய் திறப்பதில்லை. தன் வங்கியில் ஒரு தாள் குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர் இங்கே நிர்வாகி காட்டும் வண்ணப் படங்களுக்குத் தலையாட்டுகிறார். மற்ற இடங்களில் ரசீது இல்லாத செலவை ஏற்காத ஆடிட்டர் இங்கே "அடுத்த தடவை சேர்த்து வையுங்கள்" என்று விட்டுவிடுகிறார். காரணம் சோம்பல் இல்லை, எனக்குத் தெரியும். "இது ஊழியம், ஆபீஸ் இல்லை" என்ற எண்ணம்தான் காரணம். அந்தச் சகோதரர் வெயிலிலும் மழையிலும் இப்படிப் பாடுபடுகிறார், அவரைப் போய்க் கேள்வி கேட்பதா என்ற கூச்சம். கூட்டம் ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிகிறது, நடுவில் ஒருவரையொருவர் சங்கடப்படுத்த யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் கடன் குழுக்களோடு, அதாவது ஒன்றாகச் சேர்ந்து கடன் வாங்கும் பெண்களின் குழுக்களோடு, பல ஆண்டுகள் வேலை செய்தவன். அறங்காவலர் குழுவுக்கு முன்னால் நின்று அறிக்கை படித்திருக்கிறேன், எந்தப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வேலையில் நீங்கள் கேட்கும் கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். கடன் வாங்கிய பெண்ணின் பக்கம் நின்று கேளுங்கள். அந்த அறையில் நன்கொடையாளருக்காகப் பேச ஆள் இருக்கிறது, ஊழியர்களுக்காகப் பேச நிர்வாகி இருக்கிறார், அவளுக்குத்தான் யாரும் இல்லை.

கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் பவுலைக் கொஞ்சம் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் சேர்த்த பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளே தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் எங்களைக் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் சரியாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் காரணத்தையும் சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு புகாரிலிருந்துதான் வந்தது. சில விதவைகளுக்கு அன்றாடப் பங்கு போய்ச் சேரவில்லை என்று ஒரு சாரார் முறுமுறுத்தார்கள். அந்த முறுமுறுப்பை யாரும் ஆவிக்குரிய குறைபாடு என்று அடக்கவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத் தேடி அந்த வேலைக்கு வைத்தார்கள். அறங்காவலர் பதவிக்கு வேதத்தில் ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் எனக்கு இதுதான் தோன்றுகிறது, பந்தியில் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பார்ப்பது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும்: வசூல் 98 சதவீதம், அல்லது 99. இதைப் பார்த்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வரும். "ஏழைகள் நாணயமானவர்கள்" என்று ஒருவர் சொல்வார், உண்மைதான். ஆனால் வங்கியில் இருப்பவரே, உங்கள் கிளையில் ஒருவர் 99 சதவீதம் என்று சொன்னால் அடுத்த நொடி என்ன கேட்பீர்கள்? எதை எதால் வகுத்தீர்கள் என்று கேட்பீர்கள். இந்த மாதம் வர வேண்டியதில் வந்தது எவ்வளவு என்ற கணக்கா, முன்கூட்டியே கட்டியவர்களின் பணமும் அதில் கலந்திருக்கிறதா, பழைய நிலுவை எங்கே போனது? உலகம் முழுக்க இந்தத் துறையில் முதலில் பார்க்கும் அளவு வேறு. ஒரு தவணையாவது முப்பது நாளுக்கு மேல் தவறிப்போன கடன்களின் முழு மீதித் தொகையையும் கூட்டி, மொத்த நிலுவைக் கடனில் அது எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். தவறிய தவணையை மட்டும் எண்ணக்கூடாது, அந்தக் கடனில் இன்னும் வர வேண்டிய எல்லாமே ஆபத்தில் இருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். இந்த எண்ணை உங்கள் அறிக்கையில் தேடிப் பாருங்கள், பல இடங்களில் அது இருக்கவே இருக்காது.

அந்த எண் அறிக்கையில் இருந்தாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். இந்த எண்ணை அழகாகக் காட்ட மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. வேகமாகப் புதுக் கடன் கொடுத்துக்கொண்டே போனால் மொத்தம் பெருகும், புதுக் கடனில் இன்னும் யாரும் தவறியிருக்க மாட்டார்கள், அதனால் சதவீதம் தானாகக் குறையும். கட்ட முடியாதவருக்குத் தவணையை மாற்றி எழுதிக் கொடுத்தால் அவர் மறுநாளே ஒழுங்காகக் கட்டுபவர் பட்டியலுக்கு வந்துவிடுவார். அல்லது பழைய கடனை அடைக்கும் அளவுக்குப் புதுக் கடன் கொடுத்துவிட்டால் கணக்கில் எல்லாம் சுத்தம், அந்த வீட்டில் மட்டும் கடன் கூடியிருக்கும். இவை சில நேரம் நியாயமான உதவிதான், வெள்ளம் வந்த ஊரில் தவணையைத் தள்ளி வைக்காமல் இருப்பதுதான் கொடுமை. நான் கேட்பது, எத்தனை கடன்கள் இப்படி மாற்றி எழுதப்பட்டன, எத்தனை கைவிடப்பட்டுக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன என்ற இரண்டு வரிகளும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது.

இதெல்லாம் சரியாக இருந்து, வசூல் உண்மையிலேயே 99 ஆக இருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கூட்டுப் பொறுப்புக் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் அலுவலகக் கணக்கில் அது வசூல். வியாபாரத்தில் லாபம் வந்து கட்டினாளா, தையல் இயந்திரத்தையே விற்றுக் கட்டினாளா, வேறொருவரிடம் அதிக வட்டிக்கு வாங்கிக் கட்டினாளா என்பது எந்தப் பட்டியலிலும் வராது. சில நேரம் கள அலுவலரே தன் சட்டைப் பையிலிருந்து போட்டிருப்பார், மாத முடிவில் நிலுவை பூஜ்யம் என்று காட்டினால்தான் அவருக்கு ஊக்கத்தொகை. இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் உதவாது, போய்க் கேட்க வேண்டும்.

ஆடிட்டர்களுக்குத் தனியாக ஒன்று. வட்டி எவ்வளவு என்று கேட்டால் பல அறக்கட்டளைகள் "ஆண்டுக்கு 12 சதவீதம்தான்" என்று சொல்லும். கடனின் முதல் தொகைக்கு, கடைசி வரை அதே வட்டி. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி, 12,000 கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஆயிரம் அசல் வீதம் பன்னிரண்டு மாதத்தில் அடைக்கிறாள். வட்டி 1,440. ஆனால் அவள் கையில் 12,000 இருந்தது முதல் மாதம் மட்டும், கடைசி மாதம் வெறும் ஆயிரம்தான், சராசரியாகப் பார்த்தால் 6,500. அதற்கு 1,440 என்றால் ஏறத்தாழ 22 சதவீதம். இதோடு முடிவதில்லை, பத்தில் ஒரு பங்கைக் கட்டாயச் சேமிப்பு என்று முதலிலேயே பிடித்துக்கொண்டு ஆண்டு முடிவில் வட்டியில்லாமல் திருப்பித் தந்தால் அவள் உண்மையில் பயன்படுத்திய பணம் சராசரி 5,300 தான், செலவு 27 சதவீதத்துக்குப் போகிறது. விண்ணப்பக் கட்டணம் என்று இன்னும் 2 சதவீதம் வாங்கினால் 30ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போட உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும், கடன் வாங்குகிறவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. 12 என்று சொல்லி 30 வாங்குவது எந்தச் சட்டத்தில் செல்லும், எதில் செல்லாது என்பதைப் பிறகு பார்க்கலாம், கிறிஸ்துவின் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு அதைச் செய்யக்கூடாது.

வட்டியே வாங்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. வேதத்தில் ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி சுமத்தாதே என்று யாத்திராகமம் 22இல் தெளிவாகவே இருக்கிறது, நெகேமியா தன் ஜனத்தின் பெரியவர்களைக் கூட்டி வட்டியையும் நிலங்களையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். அதைப் படித்துவிட்டு மனம் உறுத்தாமல் வட்டி விகிதம் நிர்ணயிக்க முடிந்தால்தான் நான் கவலைப்படுவேன். ஆனால் சபை இந்தக் கேள்வியோடு பல நூற்றாண்டுகள் போராடியிருக்கிறது. இத்தாலியில் பெருஜியா நகரத்தில் 1462இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கு அடகின் பேரில் கடன் தரும் ஒரு பொது நிதி தொடங்கியது, அது மாதிரி வேறு நகரங்களிலும் வந்தது, அலுவலகம் நடத்தவும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் சிறு கட்டணம் வாங்கினார்கள், அதுவும் வட்டிதான் பாவம்தான் என்று வேறு துறவிகள் எதிர்த்தார்கள். கடைசியில் 1515இல் கத்தோலிக்க சபையின் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம், செலவை ஈடுகட்டும் அளவுக்கு, லாபம் இல்லாமல் வாங்கலாம் என்று தீர்த்து வைத்தது. ஐந்நூறு ஆண்டு கழித்தும் அந்த அளவுகோல் எனக்கு நியாயமாகப் படுகிறது. சிறிய கடனுக்குச் செலவு அதிகம், உண்மை, நூறு பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வாராவாரம் போய் வாங்குவதும் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுப்பதும் ஒன்றாகாது. அப்படியென்றால் அந்தச் செலவு எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள், வட்டியில் எவ்வளவு பங்கு தலைமை அலுவலகத்துக்குப் போகிறது என்று ஒவ்வொரு ஆண்டும் மேசையில் வையுங்கள். உண்மையான ஆண்டு விகிதத்தைக் கடன் அட்டையிலேயே அவள் மொழியில் அச்சடியுங்கள்.

உபாகமம் 24இல் இன்னொன்று இருக்கிறது, கடன் கொடுப்பவர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டியது. அடகை வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் போகாதே, வெளியே நில், அவனே எடுத்துக்கொண்டு வரட்டும். அதே அதிகாரத்தில், அன்றாடம் மாவரைக்கிற திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்குவது மாதிரி என்றும் வருகிறது. வீட்டு வாசலில் நிற்பது என்ற இந்த ஒரே ஒரு கட்டளையை நம் வசூல் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவணை தவறிய வீட்டின் திண்ணையில் குழு முழுவதும் போய் உட்காருவது, பணம் வரும்வரை எழாமல் இருப்பது, பிள்ளைகள் பார்க்க ஒருத்தியை நிற்க வைத்துப் பேசுவது, இவை எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை, ஆனால் நடக்கின்றன, நிலுவை பூஜ்யம் என்ற இலக்கை மேலிருந்து வைத்தால் கீழே இப்படித்தான் முடியும். ஆட்களை நிர்வகிக்கத் தெரிந்த அறங்காவலர் இருக்கிறாரே, அவர் ஊழியர்களின் ஊக்கத்தொகை எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும், பாதி கதை வெளியே வந்துவிடும். ஒரு கள அலுவலர் எத்தனை குழுக்களைப் பார்க்கிறார், தனியாகப் பணத்தை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகிறார், ஏன் அவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் தங்குவதில்லை என்பதும் அவர் கேட்க வேண்டியவைதான்.

மருத்துவர்களே, உங்களை நான் விட்டுவிடவில்லை. கணக்குப் பேச்சு வந்தால் "எனக்கு இதெல்லாம் புரியாது" என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். அந்த மேசையில் கடன் ஏன் திரும்பாமல் போகிறது என்று மற்ற எல்லோரையும் விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன ஆகும், வருமானம் நின்று போன அதே வாரத்தில் செலவு எப்படி ஏறும், வியாபாரத்துக்கு வைத்திருந்த பணம் எவ்வளவு சீக்கிரம் மருந்துக் கடைக்குப் போகும், இதையெல்லாம் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பிரசவத்துக்கு எத்தனை வாரம் தவணை நிறுத்தி வைக்கப்படுகிறது? கடன் வாங்கியவள் இறந்துபோனால் கடன் யார் தலையில் விழுகிறது, குழுவின் தலையிலா, புருஷன் தலையிலா, அல்லது அதற்கென்று ஒரு காப்பீடு இருக்கிறதா? அந்தக் காப்பீட்டுக்கு அவளிடம் பிடித்த தொகைக்கும் கடைசியில் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்காவிட்டால் அந்த அறையில் யாருக்கும் தோன்றாது.

இப்போது கொஞ்சம் சங்கடமான பேச்சு. குழுக் கூட்டம் ஜெபத்தோடும் வேத வாசிப்போடும் தொடங்குகிற அறக்கட்டளைகள் உண்டு, அதில் பலர் ஆறுதல் அடைகிறார்கள் என்பதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் குழுவில் வேறு மதத்தவர்களும் இருப்பார்கள். நீங்கள் ஒருவருக்குப் பணம் கடன்பட்டிருக்கும்போது அவர் "வாருங்கள், ஜெபிக்கலாம்" என்று அழைத்தால் வர மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உண்மையான சுதந்திரம் இருக்கிறதா? அடுத்த கடனுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவளுக்கு? கேட்டால் "யாரையும் கட்டாயப்படுத்தவில்லை" என்று ஊழியர் சொல்வார், அவர் மனதறிந்து உண்மையாகவே சொல்வார். கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் உள்ள ஏற்றத்தாழ்வு யார் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தன் வேலையைச் செய்யும். அதனால் பணம் வாங்கும் நேரத்தையும் ஜெப நேரத்தையும் பிரித்து வையுங்கள், வராதவர்களுக்குக் கடனில் எந்த வித்தியாசமும் இல்லை என்று எழுதிக் காட்டுங்கள், யார் வந்தார் யார் வரவில்லை என்று கள அலுவலர் குறித்து வைக்காமல் பாருங்கள். போதகர்களை வசூலுக்கு இழுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவரே திங்கட்கிழமை தவணை கேட்டு வந்தால், கட்ட முடியாதவள் அதற்கப்புறம் சபைக்கே வர மாட்டாள். நற்செய்தியின் மேல் எனக்கு அக்கறை இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன், பயத்தில் வந்த விசுவாசத்தை நாம் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

சட்டம் தெரிந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறங்காவலரின் சொந்தக்காரர் அறக்கட்டளைக்கு வாடகைக்குக் கட்டடம் கொடுப்பது, நிறுவனரின் குடும்பத்தில் மூன்று பேர் சம்பளப் பட்டியலில் இருப்பது, அறங்காவலரின் அலுவலகமே "இலவசமாக" தணிக்கை செய்து கொடுப்பது, இவற்றில் எதிலும் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் எழுதி வைத்து, சம்பந்தப்பட்டவர் வெளியே போனபின் முடிவெடுத்து, கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டாக அதே ஆட்கள் உட்கார்ந்திருக்கும் குழுவில் நிறுவனரை மறுத்துப் பேசுவது நடக்காத காரியம். பதவிக்காலத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து டாலரில் கடன் வாங்கி உள்ளூர்ப் பணத்தில் கடன் கொடுக்கும் அறக்கட்டளையாக இருந்தால், நாணய மதிப்பு விழும்போது அந்த நஷ்டம் யாருடையது என்று ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தொழிலறிவைக் கொண்டுவரச் சொல்கிறேனே தவிர, வங்கியை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதற்கும் சாட்சி இருக்கிறது. மெக்சிகோவில் கம்பார்டமோஸ் 1990இல் லாப நோக்கமில்லாத அமைப்பாகத் தொடங்கியது, ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுத்தது, பிறகு லாப நிறுவனமாக மாறி 2007 ஏப்ரலில் பங்குச் சந்தைக்குப் போனது. ஏறத்தாழ 30 சதவீதப் பங்குகளை விற்றுப் பழைய முதலீட்டாளர்களுக்குக் கிடைத்தது 45 கோடி டாலருக்கும் மேல், அப்போது அது வாங்கிய வட்டி ஆண்டுக்கு 80 சதவீதத்துக்கும் அதிகம். இந்தியாவில் அதே மாதிரி லாப நோக்கமில்லாமல் தொடங்கிய எஸ்கேஎஸ் என்ற சிறுகடன் நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திரப் பிரதேச அரசு, சிறுகடன் நிறுவனங்களின் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாக வந்த செய்திகளுக்குப் பின் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அந்த மாநிலத்தில் வசூல் கிட்டத்தட்ட நின்றே போனது. ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்திருந்தன. அங்கெல்லாம் இயக்குநர் குழுவில் தொழில் தெரிந்தவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? வளர்ச்சி என்ற ஒரே எண்ணைப் பார்க்கப் பழகியிருந்தார்கள். உங்கள் அறக்கட்டளை அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு ஆகப் போகிறது என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால், அந்தப் பகுதியில் ஏற்கெனவே யார் யார் கடன் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கை தட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நன்கொடையாளருக்கு அனுப்பும் கடிதங்களையும் ஒருமுறை படியுங்கள். ஒரு பெண், ஒரு கடன், மூன்று வருடத்தில் சொந்த வீடு. அப்படி ஒருத்தி உண்மையிலேயே இருப்பாள், அவள் கதை பொய் இல்லை. ஆனால் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் கடன் கிடைத்த பகுதிகளையும் ஆட்களையும் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் 2015 ஜனவரியில் ஒன்றாக வெளிவந்தன. அபிஜித் பானர்ஜி, டீன் கார்லன், ஜொனாதன் சின்மன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அவற்றைத் தொகுத்து எழுதினார்கள். சிறுகடன் சராசரியாக வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றவில்லை, வருமானம் பெரிதாகக் கூடவில்லை, பரவலாகப் பாழாக்கவும் இல்லை, சிலருக்குத் தொழிலில் கொஞ்சம் முதலீடும் பணத்தைக் கையாளக் கொஞ்சம் சுதந்திரமும் கிடைத்தது என்பதுதான் சாரம். இது கேவலமான முடிவு இல்லை. கைமாற்றுக்கு அலையாமல் ஒரு குடும்பம் கஷ்டமான மாதத்தைத் தாண்டுவதும் நல்ல ஊழியம்தான், அதை அப்படியே எழுதுங்கள். அதோடு, எல்லோருக்கும் கடன்தான் தேவையா என்றும் யோசியுங்கள். 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு தொடங்கி வைத்த சேமிப்புக் குழுக்களில் வெளிப் பணம் எதுவும் கிடையாது, பெண்கள் தாங்களே சேர்த்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, வட்டியையும் தாங்களே பங்கிட்டுக்கொண்டார்கள், அந்த முறை பிறகு ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவியது. மிகவும் ஏழ்மையானவர்களுக்குச் சில இடங்களில் அதுதான் பாதுகாப்பு. நம்மிடம் கடன் நிதி இருக்கிறது என்பதற்காகக் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

ரைஃபைசன் என்ற பெயர் உங்களில் வங்கியாளர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் ஒரு சிற்றூர்ப் பகுதியின் மேயர், ஆழ்ந்த விசுவாசி. பசியும் கடனும் வாட்டிய காலத்தில் வசதியானவர்களின் தர்மத்தை நம்பித்தான் அவர் முதலில் சங்கங்கள் தொடங்கினார். கொஞ்ச நாளில் கொடுப்பவர்களின் உற்சாகம் வடிந்தது. ஹெடஸ்டோர்ஃப் என்ற ஊரில் 1854இல் தொடங்கிய தர்மச் சங்கத்தை 1864இல் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினர்களாக, பொறுப்பாளிகளாக இருக்கும் கடன் சங்கமாக மாற்றினார். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை என்பது அவர் வைத்த விதிகளில் ஒன்று, அதில் நீங்களும் அவரும் ஒரே வழி. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர் கடன் வாங்குகிறவர்களை உட்கார வைத்தார். வங்கதேசத்தில் கிராமீன் வங்கியின் இயக்குநர் குழுவிலும் பெரும்பான்மை இடங்கள் கடன் வாங்கிய உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களுக்குத்தான். உங்கள் அறங்காவலர் குழுவில் கடன் வாங்கிய பெண் ஒருத்தியாவது இருக்கிறாளா? "அவர்களுக்கு இதெல்லாம் புரியாது" என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். ஐந்து பேரிடம் வெவ்வேறு நாளில் தவணை கட்டி, வாராவாரம் வீட்டுக் கணக்கையும் சமாளிக்கிறவளுக்கு வட்டிக் கணக்கு புரியும். கூட்டம் எந்த மொழியில், எந்த நேரத்தில், எந்த ஊரில் நடக்கிறது என்பதை மட்டும் நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும். ஒருத்தி மட்டும் என்றால் வாய் திறக்கத் தயங்குவாள், இரண்டு மூன்று பேரை அழையுங்கள், அன்றைய கூலி இழப்பையும் ஈடுகட்டுங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு ஒன்றை மட்டும் கேட்கிறேன். கடந்த ஒரு வருடத்தில் கடன் குழுக்களை விட்டு விலகியவர்களின் பட்டியலை நிர்வாகியிடம் கேளுங்கள். இருப்பவர்களின் பட்டியலும் வெற்றிக் கதைகளும் உங்களுக்கு ஏற்கெனவே வருகின்றன, போனவர்களைப் பற்றி யாரும் அறிக்கை எழுதுவதில்லை. அந்தப் பட்டியலிலிருந்து சில பெயர்களை நீங்களே எடுங்கள், ஊழியர்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவர்கள் பேச ஒப்புக்கொண்டால், கள அலுவலர் பக்கத்தில் இல்லாமல், உங்களில் இருவர் போய் உட்கார்ந்து பேசுங்கள், முடிந்தால் ஒரு பெண் அறங்காவலர் கூடப் போகட்டும். ஏன் விலகினீர்கள், கடைசித் தவணையை எப்படிக் கட்டினீர்கள், வட்டி எவ்வளவு என்று உங்களுக்குச் சொன்னார்கள், யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று மட்டும் கேளுங்கள். பழைய கடனைப் பற்றியோ புதுக் கடனைப் பற்றியோ எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். கேட்டதை அடுத்த கூட்டத்தில், நிதி அறிக்கைக்கு முன்னால் வாசியுங்கள்.

அப்படி ஒரு பட்டியல் எங்களிடம் இல்லை என்று நிர்வாகி சொன்னால், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், அந்தப் பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதி, எந்தத் தேதிக்குள் தயார் செய்வார் என்றும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.

கிறிஸ்துவின் அன்புடன்,
கடன் குழுக்களோடு வேலை செய்த ஒரு சகோதரன்